தோடர் சால்வையை அழுக்காகக் காட்டிய வெள்ளை சார்ட்

நாலு நாள் வீணானபின் தீர்ந்தது, நிம்மதி. ஊட்டியில் ஜன்னல் வெளிச்சத்தில், பின்னணிக்கு வெள்ளை சார்ட் பேப்பர் வைத்து விற்பனைக்கு எடுத்த தோடர் எம்பிராய்டரி சால்வைப் படங்களில் சிவப்பு, கறுப்புத் தையல் சரியாக வந்தது. தந்தநிறத் துணி மட்டும் பழசுபோல் மஞ்சளடித்தது. கேமராவில் வெளிச்சத்துக்கேற்ப நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை மாற்றினால் சால்வை சரியாகும், பின்னணி நீலம் பாயும். எல்இடி பல்பையும் சேர்த்துப் போட்டதில் இரண்டு வெளிச்சமும் கலந்து இன்னும் கெட்டது.

கள்ளநோட்டு பார்க்கும் புறஊதா டார்ச்சை இருட்டில் அடித்ததும் காரணம் தெரிந்தது. சார்ட் பளீரென்று நீலமாக ஒளிர்ந்தது. சால்வை ஒளிரவே இல்லை. காகிதம் வெள்ளையாகத் தெரியச் சேர்க்கும் ரசாயனம் பகல் வெளிச்சத்தின் புறஊதாவையும் நீலமாக்கிவிடும். 2,200 மீட்டர் உயரத்தில் அந்தப் புறஊதா கூடுதல். அந்த நீலத்துக்கு முன்னால்தான் சால்வை மஞ்சளாகத் தெரிந்தது.

சார்ட்டை எடுத்துவிட்டு வெளுக்காத காடாத் துணி 2 மீட்டர் தொங்கவிட்டேன். கஞ்சி போக வெறும் வெந்நீரில் மட்டும் அலச வேண்டும். சலவைத்தூளிலும் அதே ரசாயனம் உண்டு. தூள் போட்டு அலசிய முதல் துண்டு டார்ச்சில் ஒளிர்ந்தது. சொட்டு நீலமும் வேண்டாம்.

சால்வை ஜன்னலருகே, காடா 2 அடி பின்னால். காடா ஒரு படி மங்கி, சால்வையின் ஓரம் தனியாகத் தெரிகிறது.