பாஸ்போர்ட்டில் சர்நேம்: இனிஷியல் உள்ளவர்கள் நிரப்பும் முறை

குமரி மாவட்டத்தில் இரண்டு இனிஷியல் சாதாரணம். ஊர்ப்பெயரோ வீட்டுப்பெயரோ ஒன்று, அப்பா பெயர் இன்னொன்று. பாஸ்போர்ட் படிவம் இனிஷியலை விரித்து எழுதச் சொல்கிறது. ஆனால் தருவது கிவன் நேம் (சொந்தப் பெயர்), சர்நேம் என்று இரண்டே கட்டம்.

சர்நேம் பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். ‘சுர்’ என்றால் மேலே, ‘நோம்’ என்றால் பெயர். சொந்தப் பெயருக்கு மேல் ஒட்டும் எதுவும், ஊரோ தொழிலோ தகப்பன் பெயரோ, தொடக்கத்தில் சர்நேம்தான். பரம்பரைப் பெயராக நிலைத்தது பிறகு. படிவத்தின் சர்நேம் கட்டத்தில் சாதிப்பெயர்தான் போட வேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அப்பா பெயர் போதும்.

என்.எஸ். கிருஷ்ணனை எடுத்துக்கொள்ளுங்கள்: நாகர்கோவில் சுடலைமுத்து கிருஷ்ணன். கிவன் நேம் கிருஷ்ணன், சர்நேம் சுடலைமுத்து. நாகர்கோவில் முகவரியில் வந்தால் போதும். ஆங்கில எழுத்துக்கூட்டு பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் ஒன்றுதானா என்று முதலில் பாருங்கள். ஓர் எழுத்து வேறுபட்டாலும் ஆதாரைத் திருத்திவிட்டு விண்ணப்பிப்பது நல்லது.

சர்நேமைக் காலியாக விடுவதுதான் பெரிய வம்பு. அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் சர்நேம் இடத்துக்குப் போய், கிவன் நேமில் ‘எஃப்.என்.யு.’, அதாவது முதல் பெயர் தெரியவில்லை என்று விழும். விசிட் விசாவில் வரும் ஒற்றைப் பெயர்க்காரர்களை அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தினார்கள். இருந்தாலும் துபாய் டிக்கெட் எடுக்கும் முன் விமான நிறுவனத்திடம் கேட்டுவிடுங்கள்.

இந்த முறையில் அப்பாவுக்கும் பிள்ளைக்கும் சர்நேம் வேறாக இருக்கும். அவருடையது தாத்தா பெயர். அது பிழையல்ல. குடும்ப விசாவுக்குப் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் கையில் இருக்கட்டும். கல்யாணமான பெண்கள் சர்நேமை மாற்றியே ஆகவேண்டும் என்ற விதி கிடையாது. மாற்றினால் படிப்புச் சான்றிதழ்களோடு பொருந்தாமல் போய், ஒவ்வொரு இடத்திலும் விளக்கம் சொல்ல வேண்டிவரும்.

ஏற்கெனவே சர்நேம் காலியாக உள்ள பாஸ்போர்ட்டைத் திருத்த ‘ரீ-இஷ்யூ’, அதாவது மறுவழங்கல் விண்ணப்பம்தான் வழி. காரணமாக விவர மாற்றத்தைத் தேர்ந்தெடுங்கள். பழைய பாஸ்போர்ட்டில் செல்லுபடியாகும் விசா இருந்தால் பயணத்தில் அதையும் சேர்த்தே கொண்டுபோக வேண்டும். டிக்கெட் புதிய பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும்.