‘நல்லாத்தானே ஓடுது’: பழைய இயங்குதளத்தை விடாமல் வைத்திருப்பவர்கள் செய்யும் தவறுகள்

இயங்குதளத்தை (ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை) மாற்றச் சொன்னால் நான் அதிகம் கேட்கும் பதில் இதுதான்: “நல்லாத்தானே ஓடுது, எதுக்கு மாத்தணும்?” அதில் பொய் ஒன்றும் இல்லை. விண்டோஸ் 7 போட்ட கணினி இன்றும் ஆன் ஆகும், வேர்டு திறக்கும், பிரிண்ட் எடுக்கும். ஆனால் இணையத்தோடு இணைந்த கணினிக்கு இந்தக் கேள்வி போதாது. நாளைக்கு இதில் ஒரு பாதுகாப்பு ஓட்டை தெரியவந்தால் அதை அடைக்க யாராவது இருக்கிறார்களா என்றும் கேட்க வேண்டும். விண்டோஸ் எக்ஸ்பிக்கு அந்த ஆதரவு 2014 ஏப்ரல் 8-இல் நின்றது. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14, விண்டோஸ் 8.1-க்கு 2023 ஜனவரி 10, விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14.

இந்தத் தேதிகளைத் தெரிந்தவர்கள்கூட ஒரு இடத்தில் சறுக்குகிறார்கள். “ஆதரவு நின்றால் என்ன, நேற்று எப்படி இருந்ததோ அப்படியேதானே இன்றும் இருக்கிறது?” என்று நினைக்கிறார்கள். இருப்பது அப்படியேதான், சுற்றியுள்ள உலகம் அப்படியே இருப்பதில்லை. ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை மைக்ரோசாஃப்ட் பாதுகாப்புத் திருத்தங்களை வெளியிடுகிறது. அவை வந்ததும், திருத்தத்துக்கு முந்தைய கோப்பையும் பிந்தைய கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த வரி மாறியிருக்கிறது என்று பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். மாறிய இடத்தைப் பார்த்தாலே ஓட்டை எங்கே இருந்தது என்று தெரிந்துவிடும். விண்டோஸ் 11-இன் உள்ளே இருப்பதில் பெரும்பகுதி விண்டோஸ் 10-இலிருந்து வந்தது. அதனால் புதியதில் அடைக்கப்படும் பல ஓட்டைகள் பழையதிலும் இருக்கும், அங்கே அவை திறந்தே கிடக்கும். நீங்கள் எதையுமே தொடாமல் இருந்தாலும் உங்கள் கணினி மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகப் பலவீனமாகிக்கொண்டே போகிறது.

2017-இல் வந்த வானாகிரை இதைத் தெளிவாகக் காட்டியது. கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் வகையைச் சேர்ந்தது அது. அது புகுந்த ஓட்டைக்கான திருத்தம் மார்ச் 14-ஆம் தேதியே வெளியாகிவிட்டது. மே 12-ஆம் தேதி அந்த ரேன்சம்வேர் கிளம்பி, சில நாட்களுக்குள் 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் கணினிகளைப் பூட்டியது. இங்கிலாந்தில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. ஆதரவு முடிந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்த எக்ஸ்பிக்கும் மைக்ரோசாஃப்ட் அவசரமாக ஒரு திருத்தம் வெளியிட்டது. அதனால் “எக்ஸ்பியால் வந்த வினை” என்றே பலரும் இன்னும் நினைக்கிறார்கள். உண்மையில் பாதிக்கப்பட்டவற்றில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணினிகள். அப்போது அதற்கு ஆதரவு இருந்தது, திருத்தமும் இருந்தது, அந்தக் கணினிகளில்தான் யாரும் நிறுவவில்லை. அப்டேட் தொந்தரவாக இருக்கிறது என்று அதை நிறுத்தி வைப்பவர், புதிய இயங்குதளத்தைத் தானாகவே பழையதாக்கிக்கொள்கிறார். இது எனக்கு மிகவும் வருத்தமளிக்கும் தவறு, ஏனென்றால் இதைத் தவிர்க்கக் காசும் வேண்டாம், புதுக் கணினியும் வேண்டாம்.

வானாகிரையில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அது பரவ யாரும் எதையும் கிளிக் செய்யத் தேவையிருக்கவில்லை. ஒரு கணினியில் நுழைந்ததும், அதே நெட்வொர்க்கில் உள்ள மற்றவற்றுக்குத் தானாகவே தாவியது. “நான் கண்ட லிங்க்கையெல்லாம் திறக்க மாட்டேன்” என்பது நல்ல பழக்கம். ஆனால் இந்த மாதிரித் தாக்குதலுக்கு அது தடையே இல்லை.

ஆன்டிவைரஸ் இருக்கிறதே என்பார்கள். விண்டோஸ் 10-இல் கூடவே வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டருக்கான வைரஸ் விவரப் பட்டியல் 2028 அக்டோபர் வரை வந்துகொண்டிருக்கும். நல்லதுதான், ஆனால் பச்சை டிக்கைப் பார்த்து எல்லாம் சரியாக இருக்கிறது என்று நம்பிவிடும் ஆபத்தும் அதிலேயே இருக்கிறது. ஆன்டிவைரஸ் இயங்குதளத்தின் மேல் உட்கார்ந்து வேலை செய்கிறது. கீழே இருக்கும் இயங்குதளத்திலேயே ஓட்டை என்றால், வாசலில் காவலுக்கு ஆளை நிறுத்திவிட்டுக் கொல்லைக்கதவைத் திறந்துபோட்ட கதைதான்.

“என் கணினியில் திருட என்ன இருக்கிறது?” என்று கேட்பவர்கள் ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். மின்னஞ்சல் அதில் திறந்தே இருக்கிறதா? அப்படியென்றால் எல்லாச் சாவிகளும் அங்கேதான் இருக்கின்றன. வங்கிக் கணக்கு தவிர மற்ற பெரும்பாலான கணக்குகளின் பாஸ்வேர்டை அந்த மின்னஞ்சல் ஒன்றை வைத்தே மாற்றிவிடலாம். தவிர, உங்களிடம் எதுவும் இல்லாவிட்டாலும், உங்கள் கணினியை வைத்து அடுத்தவரைத் தாக்கலாம்.

பிரவுசர் விஷயம் சீக்கிரமே கண்ணில் பட்டுவிடும். விண்டோஸ் 7-க்கும் 8.1-க்கும் வந்த கடைசி குரோம் பதிப்பு 109. 2023 பிப்ரவரி முதல் வந்த பதிப்புகள் அவற்றில் ஏறாது. இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களும் பழைய இயங்குதளங்களில் ஒவ்வொன்றாகச் செல்லாமல் போகும். ஒரு பக்கம் திறக்கவில்லை என்று எச்சரிக்கை வரும்போதெல்லாம் ‘பரவாயில்லை, திற’ என்று தட்டிப் பழகுவது, உண்மையிலேயே ஒரு போலித் தளம் வரும் நாளில் நம்மைக் கைவிடும்.

மேக்கிலும் லினக்ஸிலும் இந்தக் கவலை இல்லை என்று நினைப்பதும் தவறு. ஆப்பிள் முடிவுத் தேதிகளை முன்கூட்டி அறிவிப்பதில்லை. நடப்புப் பதிப்புக்கும் அதற்கு முந்தைய இரண்டுக்கும் திருத்தம் வருவதே வழக்கம். லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவில் எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) என்று குறிப்பிடப்படும் பதிப்புக்கு 5 ஆண்டுகள், மற்றவற்றுக்கு வெறும் 9 மாதங்கள். இந்த வித்தியாசம் தெரியாமல் எது கிடைத்ததோ அதைப் போட்டுவிட்டு மறந்துவிடுகிறவர்கள் நிறைய.

இனி, மாறுவது என்று முடிவெடுத்த பிறகு நடக்கும் தவறுகள். விண்டோஸ் 11 ஏறாது என்று திரையில் வந்ததும் கணினியைத் தூக்கிப் போட வேண்டாம். அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். பல கணினிகளில் அது இருக்கும், பயாஸில் (இயங்குதளம் தொடங்கும் முன்பே திறக்கக்கூடிய கணினியின் அடிப்படை அமைப்புகளில்) அணைத்து வைக்கப்பட்டிருக்கும். இன்டெல் கணினிகளில் பிடிடி என்றும் ஏஎம்டி கணினிகளில் எஃப்டிபிஎம் என்றும் பெயர் இருக்கும். முதலில் அதைப் பாருங்கள். பிராசஸரே பழையது என்றால், ஏதோ வழி பிடித்து நிபந்தனையைத் தாண்டி நிறுவலாம்தான். ஆனால் அப்படி நிறுவிய கணினிக்குப் பாதுகாப்பு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை. எதற்காக மாறுகிறோமோ அதுவே கிடைக்காமல் போகலாம். அப்படிப்பட்ட கணினிக்கு உபுண்டு எல்டிஎஸ் அல்லது இன்னொரு லினக்ஸ் வகையான லினக்ஸ் மின்ட் போடுவதே என் பரிந்துரை. பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு அதைவிட வேகமான எஸ்எஸ்டி சேமிப்பகத்தை மாட்டினால் வேகமும் திரும்பிவிடும்.

யோசிக்க நேரம் வேண்டும் என்றால், விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2 வைத்திருப்பவர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட் திட்டம் உண்டு. அது தானாக வராது. அப்டேட் பகுதிக்குப் போய் நீங்களே பதிவு செய்ய வேண்டும்.

முன்பின் தெரியாதவர்கள் ‘லைட்’ என்று பெயர் வைத்து வெட்டிச் சுருக்கிக் கொடுக்கும் விண்டோஸைப் போடவே போடாதீர்கள். அதில் எதை எடுத்தார்கள், எதைச் சேர்த்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. பழைய, ஓட்டை விழுந்த அசலைவிட அது மோசம்.

பேக்கப் எடுக்கச் சொல்லாதவர்கள் இல்லை, ஆனால் எடுப்பவர்கள் மூன்றை மறக்கிறார்கள். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள் ஒன்று. டிஸ்க் என்க்ரிப்ட் ஆகியிருந்தால் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டிருந்தால்) அதன் மீட்புச் சாவி இன்னொன்று. பயாஸில் கை வைத்த மறுநிமிடம் அதைக் கேட்கும், இல்லையென்றால் கோப்புகள் போனது போனதுதான். மூன்றாவது, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்து முறையான யூனிகோடுக்கு முந்தைய, பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். பழைய கணினி உயிரோடு இருக்கும்போதே அவற்றை யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள், எழுத்துருக் கோப்பையும் நகலெடுத்து வையுங்கள்.

பழைய ஸ்கேனரோ, புதியதில் ஓடாத ஒரு மென்பொருளோ இருக்கிறது, விட முடியாது என்றால் பழைய இயங்குதளத்தை அந்த ஒரு வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம், தவறில்லை. நெட்வொர்க் கேபிளைக் கழற்றுங்கள், வைஃபையை அணையுங்கள், அதில் மின்னஞ்சலைத் திறக்காதீர்கள். பென்டிரைவில் மட்டும் கவனம் தேவை: 2008-இல் கிளம்பிய கான்ஃபிக்கர் என்ற தீநிரல், நெட்வொர்க் வழியாக மட்டுமல்லாமல் பென்டிரைவ் வழியாகவும் பரவியது. அந்தக் கணினிக்கென்றே ஒரு பென்டிரைவை ஒதுக்கி, ஒவ்வொரு முறையும் புதிய கணினியில் ஸ்கேன் செய்த பிறகே அதில் செருகுங்கள்.