சுண்ணக்கல்லைக் கருங்கல்லாக எண்ணும் தவறு: அகழ்வில் தவிர்க்க வேண்டியவை

திருகோணமலையில் வாழும் நமக்குச் சுண்ணக்கல் பெரும்பாலும் பைக்குள் வந்து சேரும் பொருள். சுண்ணக்கல்லைச் சூளையில் சுட்டுப் பெறும் கிளிங்கர் என்ற கட்டி, துறைமுகத்தில் கப்பலில் இருந்து இறங்குகிறது. சீனன்குடாப் பக்கத்தில் 1980களில் இருந்து அது அரைக்கப்பட்டுச் சீமெந்தாகிறது. ஒரு தொன் கிளிங்கருக்கு ஏறத்தாழ ஒன்றரைத் தொன் சுண்ணக்கல் செலவாகிறது. அப்படிப் பார்த்தால், வீடு கட்டுபவர் தோளில் தூக்கி வரும் 50 கிலோ சாதாரண போட்லண்ட் சீமெந்துப் பை ஒவ்வொன்றுக்கும் எங்கோ ஒரு நிலத்தில் 70 கிலோ அளவில் கல் பெயர்க்கப்பட்டிருக்கிறது. அந்த நிலம் நம் கண்ணில் படாததால், அகழ்வைப் பற்றிப் பேசும்போது நாம் நமக்குப் பழக்கமான கந்தளாய், கப்பல்துறைப் பக்கத்துக் கருங்கல்லை மனத்தில் வைத்தே பேசுகிறோம். மற்றத் தவறுகள் பலவும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

கருங்கல் என்று நாம் அழைக்கும் பளிங்குருப் பாறையில் நீர் தங்குவது மேலே சிதைந்த படையிலும், இடையிடையே ஓடும் வெடிப்புகளிலும் மட்டுமே. கன்னியாவின் ஏழு கிணறுகளில் வெந்நீர் ஊறுவதுகூட அத்தகைய ஆழ்ந்த வெடிப்புகளின் வழியாகத்தான். ஆகவே ஒரு கருங்கல் குவாரியால் சத்தம், தூசி, வீட்டுச் சுவரில் கீறல், லொறியால் உடையும் பாதை ஆகியவை வரும். கிணற்று நீர் பாதிக்கப்படுவது ஒப்பளவில் குறைவு, அதுவும் பெரும்பாலும் அண்டிய கிணறுகளோடு நின்றுவிடும். சுண்ணக்கல்லின் இயல்பு வேறு. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகி, கல்லின் வெடிப்புகளை ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அரித்து அகலமாக்குகிறது. இறுதியில் அந்தப் பாறையே ஒரு நீர்த்தொட்டியாகிவிடுகிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு இல்லாமல் விவசாயம் நடப்பது இந்தத் தொட்டியை நம்பித்தான். அங்கே நிலாவரைக் கிணற்றில் மேல்நீர் நன்னீராகவும் ஆழத்தில் உவராகவும் இருப்பது பலரும் அறிந்தது.

கடலோரச் சுண்ணக்கல் நிலத்தில் நன்னீர், அடியில் உள்ள உப்புநீரின் மீது மிதக்கிறது. இரண்டின் அடர்த்தி வேறுபாட்டின்படி, கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை நன்னீர் இருக்கும். இதை மறுபக்கமாகவும் வாசிக்க வேண்டும்: குழியை உலர்த்துவதற்காகப் பம்பு வைத்து நீர்மட்டத்தை ஒரு மீற்றர் இறக்கினால், காலப்போக்கில் உப்புநீர் 40 மீற்றர் மேலெழ இடம் கொடுக்கிறோம். “நாங்கள் கல்லைத்தான் எடுக்கிறோம், தண்ணீரைத் தொடவில்லை” என்று ஒப்பந்தகாரர் சொல்லும்போது அவர் பொய் சொல்கிறார் என்று பொருளல்ல. கருங்கல் குவாரியில் கற்ற பாடத்தைச் சொல்கிறார். அகழ்வின் அடிமட்டம் மாரிக்கால நீர்மட்டத்துக்கு மேலேயே நிற்குமா, அதற்குக் கீழே போகுமா என்பதே கேட்க வேண்டிய முதற் கேள்வி. “ஆழம் எத்தனை அடி” என்று மட்டும் கேட்டு, நீர்மட்டத்தோடு அதை ஒப்பிடாமல் விடுவது வீண்.

இதே காரணத்தால், குழிக்குள் சிந்தும் ஒவ்வொன்றும் அயல் கிணற்றுக்கு விலாசம் எழுதிய கடிதம் போன்றது. வெடிமருந்தாகப் பயன்படும் அமோனியம் நைத்திரேற்றும் டீசலும் சேர்ந்த கலவை மழையில் நனைந்தால், நைத்திரேற்று நீரோடு இறங்கிவிடும். உரத்தால் ஏற்கெனவே நைத்திரேற்று ஏறிய கிணறுகள் உள்ள ஊரில் அதைத் தாங்க இடமில்லை. இயந்திரங்களுக்கு எண்ணெய் மாற்றுவதைக் குழிக்குள்ளேயே செய்வது மிகச் சாதாரணமாகக் காணப்படும் பழக்கம். சுண்ணக்கல் நிலம் எண்ணெயை எப்படி வாங்கிக்கொள்ளும் என்பதை, யாழ்ப்பாணத்தில் எண்ணெய் கலந்த சுன்னாகத்துக் கிணறுகள் பத்தாண்டுகளுக்கு முன்பே காட்டிவிட்டன. அது அகழ்வால் வந்ததல்ல என்றாலும் பாறை அதே பாறைதான்.

அடுத்த தவறு, அளவை காலம் தாழ்த்தித் தொடங்குவது. கிணறு உவர்த்துவிட்டது என்று முறையிடுபவரிடம், முன்பு எப்படி இருந்தது என்று கேட்பார்கள். அவரிடம் நாக்கின் நினைவைத் தவிர எதுவும் இராது. நாக்கும் தாமதமாகவே சாட்சி சொல்லும்: குளோரைட்டு லீற்றருக்கு 250 மில்லிகிராம் அளவைத் தாண்டும்போதுதான் உவர் மெல்லத் தெரியத் தொடங்குகிறது. முதல் வெடி வைக்கும் முன் குறைந்தது ஒரு மாரியும் ஒரு கோடையும் அயல் கிணறுகளை அளந்திருக்க வேண்டும். வடகீழ்ப் பருவமழை ஓய்ந்த தையில் மட்டும் அளந்துவிட்டு “நீர் நிறைய உண்டு” என்று எழுதும் அறிக்கை, கச்சான் காற்று வீசும் ஆடியில் அதே கிணற்றின் அடியில் வாளி மண்ணைக் கிளறுவதைக் காணாது.

இதற்குப் பெரிய கருவி வேண்டியதில்லை. ஒரு பருத்திக் கயிற்றின் நுனியில் பலகைத் துண்டொன்றைக் கட்டி, அதன் கீழ் ஒரு கல்லைத் தொங்கவிட்டு, கிணற்றுக் கட்டின் குறித்த ஓரிடத்தில் இருந்து இறக்க வேண்டும். பலகை நீரைத் தொடும் மெல்லிய சத்தம் கேட்டதும் கயிற்றைக் கட்டோடு பிடித்துக்கொண்டு வெளியே எடுத்து, அளவுநாடாவில் அளந்து, திகதியோடு கொப்பியில் எழுதினால் போதும். அதிகாலையில், எவரும் மோட்டர் போடும் முன் அளக்க வேண்டும். மின்கடத்துதிறனைக் காட்டும் கைக்கருவி ஒன்று கிடைத்தால் உவரின் போக்கும் தெரியும். இடையில் அளக்கும் இடத்தை மாற்றினால் ஆண்டு முழுக்கச் செய்த வேலை கெட்டுவிடும். ஆகவே கட்டில் ஒரு பூச்சுப்புள்ளி வைத்துக்கொள்வது நல்லது. சுவர்களுக்கும் இதே விதிதான்: ஏற்கெனவே உள்ள கீறல்களுக்குப் பக்கத்தில் அளவுகோல் வைத்து, வெடி தொடங்கும் முன்னே படம் எடுத்து வைத்திராதவர், பிறகு எந்தக் கீறலுக்கும் இழப்பீடு பெறுவது அரிது.

சட்டத்தின் பக்கம் வந்தால், உரிமம் ஒன்று இருந்தால் எல்லாம் முடிந்தது என்று எண்ணுவதே பரவலான மயக்கம். 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்க, கனிப்பொருள் சட்டத்தின் கீழ்ப் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகம் தரும் அகழ்வு உரிமம் வேறு. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் வரும் சுற்றாடல் அனுமதி வேறு. 1993இன் வர்த்தமானிப் பட்டியலின்படி, மொத்தமாக 10 ஹெக்டேருக்கு மேற்பட்ட மேற்பரப்பு அகழ்வும், குடியிருப்புக்கு ஒரு கிலோமீற்றருக்குள் இயந்திரங்களால் நடத்தப்படும் சுண்ணக்கல் அகழ்வும் அந்தச் சட்டத்தின் சுற்றாடல் மதிப்பீட்டு நடைமுறைக்குள் வரும். ‘மொத்தமாக’ என்ற சொல் தற்செயலாக விழுந்ததன்று. நிலத்தை ஒன்பது ஒன்பது ஹெக்டேராகத் துண்டு போட்டு விண்ணப்பிப்பது கெட்டித்தனமல்ல. பின்னாளில் வழக்கில் முதலாவதாக எடுத்துக் காட்டப்படப்போவதும் அதுவே.

முழுமையான சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை என்றால், மக்கள் எழுத்தில் கருத்துச் சொல்ல 30 வேலை நாட்கள் உண்டு. இந்த நாட்களைக் கோட்டைவிடுவது மக்கள் பக்கத்துத் தவறு. கூட்டத்தில் எழுந்து கோபமாகப் பேசியது பதிவில் ஏறாமல் போகலாம். திகதியிட்டுக் கொடுத்த இரண்டு பக்கக் கடிதம் ஏறும். சில ஆண்டுகளுக்கு முன், நம் மாவட்டத்துக்கு வெளியே நடந்த ஓர் அகழ்வுத் திட்டக் கூட்டத்துக்கு நண்பர் ஒருவருடன் போயிருந்தேன். வாசலில் தேநீர்க் கோப்பையோடு ஒரு வரவுப் பட்டியலும் நீட்டப்பட்டது. எல்லோரும் கையொப்பம் இட்டார்கள், நானும் இட்டேன். பட்டியலின் தலைப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவில்லை, தாள் மடிக்கப்பட்டிருந்தது. பிறகு அதே பட்டியல் ‘இணக்கம் தெரிவித்தோர்’ என்ற பெயரில் ஒரு கோப்பில் இருந்ததாக நண்பர் அறிந்து சொன்னார். அன்று முதல் எந்தத் தாளானாலும் மடிப்பை விரித்துத் தலைப்பை வாசித்த பிறகே பேனையைத் திறக்கிறேன். கூட்டம் நடத்துபவர்களுக்கும் ஒரு சொல்: வாரநாள் காலை பத்து மணிக்குக் கூடினால் கடலுக்குப் போனவரும் வயலுக்குப் போனவரும் வரமாட்டார்கள், தண்ணீர் சுமக்கும் பெண்களும் வரமாட்டார்கள். வருபவர்கள் பெரும்பாலும் லொறி வைத்திருப்பவர்கள்.

தூசியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். சுண்ணத்தூள் தீங்கற்றது, வெற்றிலைக்குப் போடுவதுதானே என்று சிரிப்பவர்கள் உண்டு. தூய சுண்ணக்கல்லின் தூசி கண்ணையும் தொண்டையையும் உறுத்துவதோடு நிற்கலாம். ஆனால் கல்லின் மீதும் இடையிலும் குவாட்சு மணல் கலந்திருந்தால், துளையிடும் தூசியில் உள்ள சிலிக்கா ஆண்டுகள் கழித்து நுரையீரலை இறுக்கிவிடும். நீர் பாய்ச்சித் துளையிடுவதும் லொறிக்குத் தறப்பாள் கட்டுவதும் செலவு மிகுந்தவையல்ல. அவை செய்யப்படாத இடத்தில் வேறு எதுவும் ஒழுங்காகச் செய்யப்பட்டிராது என்று தயக்கமின்றி முடிவு கட்டலாம்.

நம் கரைக்கு நேரடியாக உரிய தவறு ஒன்று உண்டு. சூளைச் சுண்ணாம்புக்காக முருகைக்கல் (பவளப்பாறை) எடுப்பதை அகழ்வு என்றே பலர் கருதுவதில்லை. கடல் ஒதுக்கிய செத்த கல் என்பார்கள். முருகைக்கல் எடுப்பது 1988இல் கரையோரப் பேணல் சட்டத்துக்கு வந்த திருத்தத்தால் தடை செய்யப்பட்டது. அதைச் சுடும் சூளை கரையோர வலயத்தில் இருப்பதும் குற்றமாயிற்று. தெற்கே இக்கடுவைப் பக்கத்தில் முருகைக்கல் அகழப்பட்ட கரைத் துண்டுகளில் 2004 ஆழிப்பேரலை கூடுதல் வேகத்தோடு உட்புகுந்ததைப் பின்னர் ஆய்வாளர்கள் பதிவு செய்தனர். நிலாவெளிக்கு எதிரே புறாத்தீவைச் சுற்றிய முருகைப் பார், 2003 முதல் தேசியப் பூங்காவின் காவலில் இருக்கிறது. அந்தக் காவல் இல்லாத மற்றப் பார்களும் அலையின் வேகத்தைத் தணிக்கும் அதே வேலையைத்தான் செய்கின்றன.

புகையைப் பற்றியும் ஒரு பிழையான எண்ணம் நிலவுகிறது: சூளைக்குச் சுத்தமான எரிபொருள் போட்டால் கரியமிலம் நின்றுவிடும் என்பது. 100 கிலோ தூய சுண்ணக்கல்லைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு மிஞ்சும். 44 கிலோ கரியமில வாயுவாகக் கல்லிலிருந்தே வெளியேறும், எரிபொருள் எதுவானாலும் சரி. ஆகவே குறைக்க வேண்டியது கிளிங்கரின் பங்கை. நுரைச்சோலை அனல்மின் நிலையத்து நிலக்கரிச் சாம்பல் போன்றவை கலந்த சீமெந்தைப் பூச்சுக்கும் செங்கல் கட்டுக்கும் தயங்காமல் பயன்படுத்தலாம். எல்லாவற்றுக்கும் அதிவலுச் சீமெந்தே வேண்டும் என்று அடம்பிடிப்பது கொத்தனாரின் பழக்கம், தேவையல்ல.

சமூகப் பொறுப்பு என்ற பெயரில் கோயிலுக்குக் கூரையும் பள்ளிவாசலுக்கு ஒலிபெருக்கியும் பாடசாலைக்கு மேசையும் கொடுப்பதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அவை நன்கொடை. குடிநீர் கெட்டால் எத்தனை நாட்களுக்குள் யார் பவுசரில் நீர் கொண்டுவருவார் என்று எழுதிக் கையொப்பமிடுவதே பொறுப்பு. முன்னதைப் பெற்றுக்கொண்ட ஊர் பின்னதைக் கேட்கக் கூச்சப்படும். நன்கொடை முதலில் வருவதன் காரணமும் சில வேளை அதுதான்.

கடைசியாகக் குழி. காங்கேசன்துறையில் 1950இல் தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலை 1990இல் போரால் நின்றது. கல் எடுத்த பள்ளங்களை மூட எவரும் மிஞ்சவில்லை. புத்தளத்து அறுவைக்காட்டில், கல் எடுத்து முடிந்த நிலம் கொழும்பின் குப்பைக்கு இடமாகத் தெரிவானபோது புத்தளம் மக்கள் தெருவில் இறங்கினர். வெற்றுக் குழி நெடுநாள் வெறுமையாக இராது. நீரோ நுளம்போ குப்பையோ குளிக்கப்போன பிள்ளையோ அதில் விழும். குழியில் தேங்கிய நீரைக் குளம் என்று பெயரிட்டு ஒப்படைப்பது மீளமைப்பாகாது: குளத்துக்குச் சாய்ந்த கரை உண்டு, குழிக்குச் செங்குத்துச் சுவர். முதல் நாளே உரித்த செம்மண்ணை உயரமாகக் குவிக்காமல், விதையும் நுண்ணுயிரும் சாகாதபடி தாழ்ந்த வரப்புகளாகச் சேர்த்துவைத்து, ஒரு பகுதியில் கல் முடிந்ததும் அங்கேயே பரப்பிக்கொண்டு போவதுதான் மலிவான வழி. மேல்மண்ணை விற்றுவிட்டவர் பின்னர் அதை வாங்க முடியாது. மீளமைப்புக்காக வைக்கப்படும் பிணைத் தொகை எவ்வளவு என்று மட்டும் கேட்காமல், எந்த ஆண்டின் விலையில் கணக்கிட்டது என்றும் கேட்க வேண்டும். 2022இல் ரூபாய் விழுவதற்கு முன் எழுதிய தொகை, இன்று மண் ஏற்றும் லொறிகளின் டீசலுக்கே போதாமற் போகலாம்.