டிரம்மர் சொந்த ஆல்பம் போட்டால் விருந்தினராக மற்ற வாத்தியக்காரர்களை எப்படிச் சேர்ப்பது?

டிரம்ஸை முழுசாகப் பதிவு செய்து முடித்துவிட்டு, அந்த ஃபைலை நாலு பேருக்கு அனுப்பி "இதுக்கு மேல வாசிச்சுக் கொடுங்க" என்று கேட்பதுதான் இப்போதைய வழக்கம். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். விருந்தினர் உங்களைக் கேட்டு வாசித்திருப்பார், நீங்கள் அவரைக் கேட்டு வாசித்திருக்க மாட்டீர்கள். ஜாஸ் பழகிய காதுக்கு அது உடனே தெரிந்துவிடும்.

ஜாஸ் டிரம்மர் பில்லி காபமின் 'ஸ்பெக்ட்ரம்' ஆல்பம் 1973இல் வந்தது, இன்றும் அலுக்கவில்லை. அதில் ஆட்களைப் பிடித்த விதத்தைப் பாருங்கள். கீபோர்டுக்கு மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா என்ற குழுவில் காபமுடன் கூடவே வாசித்த யான் ஹாமர். கிட்டாருக்கு ராக் பக்கமிருந்து வந்த 21 வயது டாமி போலின். பேஸுக்குப் பாடகர்களுக்கு வாசித்துப் பழகிய லீ ஸ்க்லார். டிரம்ஸ் அந்த ஓட்டம் ஓடும்போது பேஸ் ஒரே வரியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், அதற்கு அடக்கமான கை வேண்டும். பெரிய பெயரைத் தேடாமல் பாட்டுக்கு என்ன குறைகிறது என்று பார்த்து ஆளைக் கூப்பிடுங்கள்.

கோலாலம்பூரில் நீங்கள், பினாங்கில் பேஸ், சென்னையில் வயலின் என்று இருந்தால் ஒரே அறையில் உட்காருவது நடக்காது. சரி, அப்போது என்ன செய்யலாம்? க்ளிக் (வேகம் மாறாமலிருக்கக் காதில் ஒலிக்கும் தட்டு) வைத்து மாதிரிக்கு எளிமையாக டிரம்ஸ் வாசியுங்கள், கூடவே கீபோர்டில் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) மட்டும். தனி வாசிப்புக்கான இடத்தில் தாளத்தை மட்டும் பிடித்துவிட்டு மற்றதைக் காலியாக விடுங்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் ஃபைலாக, எல்லாம் முதல் தாளத்திலிருந்தே தொடங்கும்படி அனுப்புங்கள், இல்லையென்றால் திரும்பி வரும்போது பொருத்துவதற்குள் தலைவலிதான். விருந்தினர் வாசித்தது வந்ததும் அதை ஹெட்ஃபோனில் போட்டுக்கொண்டு உங்கள் டிரம்ஸைப் புதிதாக வாசியுங்கள். ஆல்பத்தில் போக வேண்டியது இந்த இரண்டாவது வாசிப்புதான். ஸ்டுடியோ வாடகை கூடும், கூடட்டும். காலையிலேயே எடுங்கள், மாலையில் இடி மழை பிடித்துக்கொண்டால் தலைக்கு மேலிருக்கும் மைக் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும்.

நம் வாத்தியக்காரர்களைக் கூப்பிடுகிறீர்கள் என்றால் மெட்டு போடுவதற்கு முன்பே சுருதியைக் கேட்டுவிடுங்கள். நாதஸ்வரக்காரர் இரண்டரைக் கட்டை சுருதியில் வாத்தியம் வைத்திருக்கிறார், உங்கள் பாட்டு வேறு சுருதியில் என்றால் அவர் திணறுவார். ஏழு எண்ணிக்கைக்கு அவருக்கு 'தகிட தகதிமி' என்று சொல்லி அனுப்புங்கள், கிட்டார்காரருக்கு 3+4 என்று எழுதிக் கொடுங்கள், இரண்டு பேரும் ஒரே இடத்தில் வந்து நிற்பார்கள். மிருதங்கத்தை ஏர்கான் அறைக்குள் கொண்டுவந்ததும் பதிவு செய்யாதீர்கள். ஈரக்காற்றிலிருந்து வந்த தோல் இறுக்கம் மாறும், கொஞ்ச நேரம் விட்டு மறுபடி சுருதி சேர்க்கச் சொல்லுங்கள். தவிலுக்குத் தனி அறை, அதில் பேச்சே இல்லை.

அப்புறம் பணம். ஒரே தடவை சம்பளமா, வருமானத்தில் பங்கா என்று வாசிப்பதற்கு முன்பே எழுத்தில் பேசிவிடுங்கள், நண்பராக இருந்தாலும். மெட்டில் யாராவது கை வைத்திருந்தால் எம்.ஏ.சி.பி.யில் (பாட்டு எழுதுவோர், இசையமைப்போரின் உரிமைத்தொகையை வசூலிக்கும் மலேசிய அமைப்பு) பாட்டைப் பதியும்போது அவர் பெயரையும் பங்கையும் சேர்க்க வேண்டும். வெறுமனே வாசித்தவருக்கு அது பொருந்தாது. ஆனால் எந்தப் பாட்டில் யார் எதை வாசித்தார் என்ற விவரம் ஆன்லைனில் ஏற்றும்போது ஒன்று விடாமல் போக வேண்டும், பெயரை எந்த எழுத்துக்கூட்டலில் போடுவது என்று அவரவரிடமே கேட்டு வாங்குங்கள்.