ஹெவி லைசென்ஸ் எடுக்கப் போகும் கிளீனர் தம்பிகளுக்கு

என் லாரியில் கிளீனராக வரும் பையன்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "அண்ணே, ஹெவிக்கு எவ்வளவு செலவாகும்?" என்றுதான். செலவை இப்போதைக்கு விடுங்கள். முதலில் வயதையும் வரிசையையும் தெரிந்துகொள்ளுங்கள்.

லாரி, பஸ் ஓட்ட 20 வயது முடிந்திருக்க வேண்டும். அதோடு, கார் லைசென்ஸ் எடுத்து ஒரு வருஷமாவது ஆகியிருந்தால்தான் ஹெவிக்கு எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) கொடுப்பார்கள். பைக் லைசென்ஸ் இதற்குக் கணக்கில் வராது. 18 வயதில் பைக்குக்கு மட்டும் எடுத்துவிட்டுச் சும்மா இருக்கும் பையன்கள் சங்ககிரி, நாமக்கல் பக்கம் ஏராளம். பைக்குக்கு விண்ணப்பிக்கும்போதே காரையும் சேர்த்துப் போட்டுவிடுங்கள். 20 வயதில் ஒரு வருஷம் வீணாகாது. எட்டாம் வகுப்பு பாஸ் பண்ணியிருக்க வேண்டும் என்ற பழைய விதியை 2019-லேயே எடுத்துவிட்டார்கள். படிப்பைப் பாதியில் விட்டவர்கள் தயங்க வேண்டாம்.

எல்லா லோடு வண்டிக்கும் ஹெவி வேண்டுமா என்றால், வேண்டாம். லோடோடு சேர்த்து மொத்த எடை 7,500 கிலோவைத் தாண்டாத வண்டியைக் கார் லைசென்ஸிலேயே ஓட்டலாம். 2017-ல் சுப்ரீம் கோர்ட் சொன்ன இந்தத் தீர்ப்பை, 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வும் உறுதி செய்தது. டாடா ஏஸ் ஓட்டப் போகிறவர் ஹெவிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. வண்டியின் எடை ஆர்.சி.யில் இருக்கும். முதலாளி சொல்வதை நம்பாமல் அதை நீங்களே பாருங்கள்.

எல்.எல்.ஆருக்கு மத்திய அரசின் பரிவாஹன் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். அதோடு படிவம் 1ஏ மருத்துவச் சான்றிதழ் வேண்டும். பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தள்ளி நிற்கும் காரின் நம்பரைப் படிக்க வேண்டும், நிறக்குருடு கடுமையாக இருக்கக் கூடாது, மாலைக்கண் இருக்கக் கூடாது. டாக்டர் கேட்காமலே கையெழுத்துப் போட்டாலும் விடாதீர்கள். கண்ணைச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். ராத்திரியில் எதிர் வண்டி ஹை பீம் போட்டுக்கொண்டு வரும்போது ஓட்டப் போவது நீங்கள்தான்.

எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். முப்பது நாள் கழிந்ததும் டெஸ்டுக்குப் போகலாம். டிரைவிங் ஸ்கூல் கொடுக்கும் பயிற்சிச் சான்றிதழான படிவம் 5 இல்லாமல் ஹெவி டெஸ்ட் கிடையாது. ஹெவிப் பயிற்சி குறைந்தது 30 நாள் நடக்க வேண்டும், அதில் 15 மணி நேரமாவது நீங்கள் ஸ்டியரிங் பிடித்திருக்க வேண்டும் என்பது விதி. வண்டியில் ஏற்றாமலே இந்தத் தாளை நீட்டும் ஆட்களும் இருக்கிறார்கள். அங்கே போகாதீர்கள், தம்பி. கிளீனர் சீட்டில் எத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தாலும் வண்டியின் பின்பக்கம் திருப்பத்தில் எவ்வளவு உள்ளே வெட்டும் என்பது ஸ்டியரிங் பிடித்தால்தான் பிடிபடும். பிரேக்குக்கான ஏர் (காற்று) ஏறுகிறவரை மீட்டர் முள்ளைப் பார்த்துக் காத்திருப்பது, இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாமல் கியரைக் குறைத்து இறங்குவது, இதெல்லாம் அந்த 15 மணி நேரத்தில் வர வேண்டிய பழக்கங்கள். கும்மிடிப்பூண்டியில் சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் பயிற்சி மையம் இருக்கிறது, நாமக்கல்லில் அசோக் லேலண்டின் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. முடிந்தவர்கள் அங்கே விசாரியுங்கள்.

டெஸ்டில் பிரேக் இன்ஸ்பெக்டர் முக்கியமாகப் பார்ப்பது ரிவர்ஸும், மேட்டில் நிறுத்திய வண்டியைப் பின்னால் உருளாமல் எடுப்பதும். இரண்டையும் பழகியிருந்தால் பயமில்லை. பஸ், டாக்ஸி மாதிரி ஆள் ஏற்றும் வண்டி என்றால் அதற்கான தனி அனுமதியான பேட்ஜ் பற்றியும் ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்டுக்கொள்ளுங்கள்.

லைசென்ஸ் கைக்கு வந்ததும் தேதியைப் பாருங்கள். ஹெவி ஐந்து வருஷம்தான். முன்பெல்லாம் தேதி முடிந்த பிறகும் முப்பது நாள் செல்லும் என்று சலுகை இருந்தது. 2019 திருத்தத்தில் அது போய்விட்டது. பழைய டிரைவர்கள் பலர் இன்னும் அந்த முப்பது நாளை நம்புகிறார்கள். தேதி முடிந்த மறுநாள் ஓட்டினாலும் அது லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுவதுதான், அபராதம் 5,000 ரூபாய். அந்த நேரத்தில் விபத்து நடந்துவிட்டால், நஷ்டஈட்டை இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கொடுத்தாலும் பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலிக்கக் கோர்ட் அனுமதிக்கலாம். சொந்த வண்டி ஓட்டுகிறவர்களுக்கு அது வீடே போகும் தொகை. புதுப்பிக்க ஒரு வருஷம் முன்பே விண்ணப்பிக்கலாம். தேதி முடிந்து ஒரு வருஷத்தைத் தாண்டினால் மறுபடியும் டெஸ்ட்.

கேஸ், பெட்ரோல், ஆசிட் டேங்கர் ஓட்ட ஹெவி மட்டும் போதாது. ஆபத்தான சரக்குக்கான மூன்று நாள் பயிற்சியை முடித்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். ஓர் இந்திய மொழியும் ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். இந்த அனுமதி மூன்று வருஷம்தான், புதுப்பிக்கும்போது ஒரு நாள் வகுப்பு உண்டு. வண்டியில் டிரெம் கார்டு என்று ஒன்று வைத்திருப்பார்கள். சரக்கு கசிந்தால் என்ன செய்ய வேண்டும், யாரைக் கூப்பிட வேண்டும் என்று அதில் இருக்கும். லோடு ஏற்றும் இடத்திலேயே அதைப் படித்துப் புரிந்துகொண்டு கிளம்புங்கள்.