வழியில் பார்த்த வேடியப்பன் கல்லைப் படம் எடுத்து அனுப்புவது எப்படி

தோட்டங்களுக்குச் சொட்டுநீர்க் குழாய் போடுவது என் தொழில். காவேரிப்பட்டினத்தில் இருந்து காலையில் கிளம்பினால் ஒரு நாள் ராயக்கோட்டை, ஒரு நாள் பாலக்கோடு, இன்னொரு நாள் அரூர் என்று வண்டி ஓடும். தக்காளி வயலுக்கு நடுவில் ஒரு நடுகல் நிற்கும். மாந்தோப்பைத் தாண்டினால் யாரும் சொல்லாத ஒரு பாறைக்குளம் இருக்கும். எல்லாவற்றையும் ஃபோனில் எடுத்து உறவுக்காரர்களுக்கும் நண்பர்களுக்கும் அனுப்புவேன். பதினோரு வருடமாக இதைச் செய்ததில் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

நடுகல்லில் இருந்து தொடங்குகிறேன், எனக்கு அதுதான் பிடித்தது. மாடுகளைக் கவர்ந்து போக வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்த வீரனுக்கும், புலியோடு மோதி உயிர் விட்டவனுக்கும் ஊர்க்காரர்கள் நட்ட கல் அது. எங்கள் பக்கம் பல இடங்களில் அதற்குப் பெயர் வேடியப்பன். பூவும் மஞ்சளும் எண்ணெயுமாக இன்றைக்கும் சாமி. அதனால் ஃபோனை எடுப்பதற்கு முன்னால் செருப்பைக் கழற்றுங்கள், தோட்டத்துக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

பாலக்கோடு பக்கம் ஒரு ராகி வயலில் நான் அப்படிக் கேட்காமல், கல் மங்கலாகத் தெரிகிறதே என்று பாட்டில் தண்ணீரைத் திறந்தேன். களை பறித்துக்கொண்டிருந்த ஆயா எழுந்து வந்து, "ஊத்தாத கண்ணு. அதுக்கு சனிக்கெழம நான் ஊத்துவேன். உனக்கு என்னா வேணும், கேளு" என்றார். எழுத்து வேணும் ஆயா என்றேன். "சாயந்தரம் வா. வெயிலு சாயும்போது தானா தெரியும்." அன்றைக்கு மாலை ஐந்தரைக்குப் போனேன். மதியம் வெறும் கருங்கல்லாக இருந்த இடத்தில் வில்லும், இடுப்புக் கத்தியும், வீரனின் தலைக்கு மேலே மூன்று வரி வட்டெழுத்தும் (பழங்காலத்தில் தமிழை எழுதிய எழுத்து) நிழலோடு எழுந்து நின்றன.

ஆயா சொன்னதில்தான் முழு வித்தையும் இருக்கிறது. செதுக்கு ஆழமில்லாத கல்லில் நேர் வெளிச்சம் விழுந்தால் நிழல் விழாது, நிழல் இல்லாவிட்டால் எழுத்தும் இல்லை. வெளிச்சம் பக்கத்தில் இருந்து வர வேண்டும். காலை, மாலை இரண்டில் எந்த வெயில் கல்லைச் சாய்வாகத் தொடுகிறது என்று பார்த்து அந்த நேரத்துக்குப் போங்கள். மரத்தடியில் இருக்கும் கல்லா? அப்படியானால் கூட வந்தவர் தன் ஃபோன் டார்ச்சைக் கல்லின் ஓரத்தில் வைத்து, அதன் முகத்தை உரசுகிற மாதிரி வெளிச்சம் அடிக்கட்டும். நீங்கள் எதிரே நின்று எடுங்கள். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். டார்ச்சை இடப்பக்கம் ஒரு முறை, வலப்பக்கம் ஒரு முறை, மேலிருந்து ஒரு முறை வைத்து எடுத்தால் ஒன்றில் தெரியாத கோடு இன்னொன்றில் தெரியும்.

சாக்பீஸால் எழுத்தை வரைவது, மாவு பூசுவது, எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டுவது, இவை எதையும் செய்யாதீர்கள். சாக்பீஸ் பிடித்தவர் தனக்குத் தோன்றிய எழுத்தைத்தான் வரைவார், பிறகு வருகிற அறிஞருக்கு அதுதான் கண்ணில் படும். பாறை ஓவியங்களில் தண்ணீர் தெளிப்பது அதைவிட மோசம். கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லப்பாடியிலும் மயிலாடும்பாறையிலும் இருப்பவை வெள்ளை நிறத்தில் தீட்டியவை. நனைத்தால் ஒரு நிமிடம் பளிச்சென்று தெரியும், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கரைந்து போகும்.

ஒரு இடத்துக்கு மூன்று படமாவது எடுங்கள். முழுக் கல் ஒன்று, எழுத்து நெருக்கத்தில் ஒன்று, சுற்றியுள்ள வயலும் மலையும் தெரிய ஒன்று. நெருக்கப் படத்தில் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட ஸ்கேலை வையுங்கள், கல்லின் மேல் வைக்காமல். மல்லச்சந்திரம் மோரல்பாறையில் கற்திட்டைகளை, அதாவது பலகைக் கற்களை நிறுத்தி மேலே மூடுகல் போட்ட பழங்காலக் கல்லறைகளை எடுத்தபோது நான் ஸ்கேல் வைக்கவில்லை. பலகைக் கல்லில் இருக்கும் வட்டத் துளை எவ்வளவு பெரியது என்று எல்லோரும் கேட்டார்கள், என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் அளவு காட்டுவதற்காக மூடுகல்லின் மேல் ஆளை ஏற்றி நிறுத்தாதீர்கள். அது கல்லறை.

ஒகேனக்கல்லுக்கு வேறு கணக்கு. கன்னடத்தில் ஹொகே என்றால் புகை. புகை மாதிரி எழும் அருவித் தூவல்தான் லென்ஸில் படியும். உலர்ந்த பருத்தித் துணி ஒன்று சட்டைப் பையில் இருக்கட்டும், பரிசலில் ஏறும்போது ஃபோனுக்குக் கழுத்துக் கயிறு கட்டுங்கள். வானவில் வேண்டுமானால் வெயில் தாழ்ந்திருக்கும் நேரத்தில், சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நில்லுங்கள்.

படத்தோடு தேதியை எழுதுங்கள். ஆடி மாதம் வெள்ளம் போனபோது எடுத்த ஒகேனக்கல் படத்தைத் தேதி இல்லாமல் அனுப்பினேன். சித்தி மகன் அடுத்த மே மாதம் அதை நம்பிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தான். பாறைதான் அதிகம் தெரிந்தது. அவன் ஒன்றும் சொல்லவில்லை, எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. இப்போது நான் எழுதுவது இப்படி: "நடுகல், பாலக்கோடு வட்டம், ஜனவரி 2024, மாலை. வில்லோடு வீரன், மூன்று வரி எழுத்து. தோட்டத்துக்காரர்கள் வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள்." வயதை எழுதுவதில்லை. எதைப் பார்த்தாலும் ஐயாயிரம் வருடம் என்று போடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த இரும்புக்குக் கி.மு. 2172 என்று 2022இல் அரசு அறிவித்ததே, அது ஆய்வுக்கூடத்தில் காலம் கணித்துச் சொன்ன எண்.

இனி, இடத்தை எவ்வளவு சொல்வது? இதில் எனக்கு ஒரு காயம் உண்டு. வேறொரு கல்லை, கிணற்று மேடு வரை வழி சொல்லி எல்லோருக்கும் அனுப்பிவிட்டேன். இரண்டு மாதம் கழித்துப் போனால் எழுத்தெல்லாம் சாக்பீஸ், கல்லின் காலடியில் முழங்கால் ஆழத்துக்குக் குழி. புதையல் தேடியிருக்கிறார்கள். கல் சாய்ந்து நின்றது. அன்றிலிருந்து பொதுவில் வட்டத்தின் பெயரோடு நிறுத்திக்கொள்கிறேன். சரியான இடத்தைக் கிராம நிர்வாக அலுவலருக்கும், தருமபுரி அல்லது கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்துக்கும் மட்டும் சொல்கிறேன். கேமராவில் லொகேஷனை அணைத்து வையுங்கள். எழுத்துப் படம் தெளிவாகப் போக வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்பினால், படத்துக்குள் பதிந்த இடமும் கூடவே போய்விடும். ஒகேனக்கல் மாதிரி எல்லோரும் போகிற இடத்துக்கு இந்தக் கவலை இல்லை.

குளிர்காலத்தில் ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் ராகிக்கு யானை இறங்கும். அந்தப் படத்தை அன்றைக்கே அனுப்பாதீர்கள். கூட்டம் ஓடும், யானை மிரளும், வயலில் காவலுக்கு இருப்பவர் மாட்டிக்கொள்வார். முதலில் வனத்துறைக்கு ஃபோன், இரண்டு நாள் கழித்துப் படம்.

அப்புறம், இடத்துக்குச் சொந்தக்காரருக்கும் ஒரு படம் போக வேண்டும். ஆயாவிடம் ஃபோன் இல்லை. மாலையில் எடுத்ததை ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத்தினி வருசமா கும்புடறன், இடுப்புல கத்தி வெச்சிருக்கறது இப்பதான் தெரியுது கண்ணு" என்றார்.