அரிய தமிழ்ப் பெயர்: எங்கே தேடுவது, எப்படிச் சரிபார்ப்பது

குழந்தைப் பெயர்ப் பட்டியல்கள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. பாதிப் பெயர்களுக்கு 'அழகானவள்', 'வெற்றியாளன்' என்பதைத் தாண்டிப் பொருள் இருக்காது. எந்த நூலில் வருகிறது என்று கேட்டால் பதிலும் இருக்காது. வகுப்பில் கூப்பிட்டால் நாலு பேர் எழுந்து நிற்காத பெயர் வேண்டும், அதற்கு வேரும் இருக்க வேண்டும் என்றால் பட்டியலை மூடிவிட்டுச் சங்க நூல்களைத் திறப்பதே நல்லது.

பாட்டெல்லாம் படித்து முடிக்க வேண்டியதில்லை. புறநானூறு, பதிற்றுப்பத்துப் பதிப்புகளில் பாடியவர், பாடப்பட்டவர் பெயரடைவு இருக்கும், அங்கிருந்து தொடங்குங்கள். சேரருக்கு ஆதன், கோதை, குட்டுவன், பொறையன். சோழருக்குக் கிள்ளி, சென்னி, வளவன். பாண்டியருக்கு மாறன், வழுதி, செழியன். இவற்றில் மாறனும் செழியனும் காதுக்குப் பழகிவிட்டன. வழுதியும் சென்னியும் இன்னும் அரிதுதான். கோதை என்றால் மாலை. ஆண்டாளின் பெயராகவே அறிகிறோம், ஆனால் சேர வேந்தரும் அந்தப் பெயரைத் தாங்கியவர்கள். ஆண், பெண் இருவருக்கும் வைக்கலாம். தகடூர் அதியமான் குடியில் வரும் எழினிக்குத் 'திரை' என்ற பொருளும் உண்டு. பெண்பாற் புலவர்களில் இளவெயினி, வெள்ளிவீதி, நச்செள்ளை ஆகியவை இன்று கிட்டத்தட்ட யாருக்கும் இல்லாத பெயர்கள். பாரியின் மகள்களுக்கு அங்கவை, சங்கவை என்று சொல்கிறார்களே, அது பிற்கால மரபு. புறநானூறு 'பாரி மகளிர்' என்று மட்டுமே குறிக்கிறது. வைக்கலாம், சங்கப் பெயர் என்று சொல்லிக்கொள்ள வேண்டாம்.

ஒற்றைப் பெயர் குட்டையாகத் தோன்றினால் முன்னே ஒட்டுச் சேர்ப்பது பழைய முறை. சிறப்பைக் காட்ட 'ந': கீரன் நக்கீரன் ஆனது, பின்னை நப்பின்னை ஆனது. இள, நன், பெரு ஆகியவையும் இப்படி வரும்: இளங்கீரன், நன்மாறன், பெருஞ்சாத்தன். சொற்கள் சேரும்போது எழுத்து மாறும் புணர்ச்சியில்தான் பலர் தவறுவார்கள். 'இளம்கீரன்' என்று பதிந்துவிட்டால் அந்தப் பிழை சான்றிதழ்களில் எல்லாம் தொடர்ந்து வரும். பெண்பாலுக்குச் சாத்தன் சாத்தியாகும், எயினன் எயினியாகும். கீரனுக்கு மட்டும் அந்த வழி வேண்டாம். கீரி வந்து நிற்கும்.

பூப்பெயர் வேண்டுவோருக்குக் குறிஞ்சிப்பாட்டு ஒரு சுரங்கம். கபிலர் 99 பூக்களை வரிசையாக அடுக்கியிருக்கிறார். தளவம் (செம்முல்லை), செருந்தி, மௌவல், ஞாழல், வகுளம் (மகிழம்பூ) எல்லாம் வாயில் நன்றாக உட்காரும். ஆனால் அதே பட்டியலில் குளவியும் இருக்கிறது, பிண்டியும் இருக்கிறது. குளவி அன்று மலைமல்லிகை. இன்று கொட்டும் பூச்சி. பிண்டி அன்று அசோகு, இன்று மாவு. நறவம் பூதான் என்றாலும் நறவு என்றால் கள்.

ஆகவே எந்தப் பெயரையும் இரண்டு முறை பாருங்கள். முதலில் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியில். இணையத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. முதல் பொருளோடு நிறுத்தாமல் அந்தச் சொல்லின்கீழ் உள்ள எல்லாப் பொருள்களையும் படியுங்கள். பிறகு, பத்து வயதுப் பிள்ளை ஒன்றிடம் பெயரைச் சொல்லி என்ன தோன்றுகிறது என்று கேளுங்கள். பட்டப்பெயர் வைக்கப்போவது அந்த வயதுக் கூட்டம்தான்.

இந்தச் சோதனைக்கு நல்ல எடுத்துக்காட்டு ஆதன். கீழடிப் பானையோடுகளில் கீறிய பெயர் இது. புகளூர்க் கல்வெட்டிலும் ஆதன் செல்லிரும்பொறை என வருகிறது. இதைவிடப் பழமையான சான்றுள்ள பெயரைத் தேடுவது கடினம். ஆனால் பிற்கால நூல்களில் 'ஆதர்' என்றால் அறிவிலார், குருடர். இது தெரிந்தே வைக்கலாம். யாராவது கேட்டால் கீழடியைக் காட்டலாம். ('ஆதன் தந்தை' என்பது 'ஆந்தை' எனப் புணரும் என்கிறது தொல்காப்பியம். சங்கப் புலவர் பிசிராந்தையார் பெயரில் இருப்பது பறவை அல்ல.) ஓரி கொல்லிமலை வள்ளல்; அவன் குதிரைக்கும் ஓரி என்றே பெயர், நரிக்கும் அந்தப் பெயர் உண்டு. நள்ளி வள்ளல், நண்டும்கூட. ஆரல் கார்த்திகை விண்மீன்; மீன் சந்தையில் அதற்கு வேறு விலை. 'நிரயா' என்று புதிதாகப் புனைந்து மகிழ்வோர் நிரயம் என்றால் நரகம் என்பதைப் பார்த்துவிடுவது நல்லது.

நட்சத்திர எழுத்துப் பார்க்கும் வீடுகளில் இன்னொரு சிக்கல். 27 நட்சத்திரம், நான்கு பாதம், ஆக 108 எழுத்து. பரணிக்கு லி, லு, லே, லோ. நன்னூல்படி மொழிக்கு முதலில் வருபவை பன்னிரண்டு உயிரும் க, ச, த, ந, ப, ம, வ, ய, ஞ, ங வரிசைகளும்தான். லகரத்தில் தொடங்கும் பழந்தமிழ்ப் பெயர் கிடைக்காது. ஜாதகத்துக்கு ஒரு பெயர், பதிவுக்கு ஒரு பெயர் என்று பிரித்துக்கொள்வதே எளிது.

பதியுமுன் ஆங்கில எழுத்துக்கூட்டலை முடிவு செய்யுங்கள். வழுதிக்கு இசட்-எச் போட்டால் வெளிமாநிலத்தார் 'வஸுதி' என்பார்கள். ஈழத்து வழக்கப்படி எல் போட்டால் 'வலுதி'. எதுவானாலும் ஒன்றையே மருத்துவமனைப் படிவம் முதல் ஆதார்வரை எழுதுங்கள்.

பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். அதற்குள் பெயர் முடிவாகாவிட்டால் பதற வேண்டாம். பெயரில்லாமல் பதிந்துவிட்டு 12 மாதத்துக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதன்பின் தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டுவரை இடமுண்டு. சேர்த்த பெயரை மாற்றுவதுதான் பெரும்பாடு. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளி, பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதியைக் காட்டப் பிறப்புச் சான்றிதழே ஆவணம். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுத வேண்டும் என்பதால், தந்தை அல்லது தாய் பெயரோடு சேர்த்து முழுப்பெயரைப் பலமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துவிட்டுப் படிவத்தை நிரப்புங்கள்.